எலிபன்ற் அன்ட் காஸில்: ஒரு கடைத்தொகுதியின் பிறப்பும் இறப்பும்

இலண்டனில் வாழும் எம்மவர்களுக்கு ‘எலிபன்ற் அன்ட் காஸில்’ என்ற பெயர் புதியதல்ல. தமிழர்கள் செறிந்து வாழும் ரூட்டிங் பகுதியிலிருந்து நொதேர்ண் பாதை வழியாக நகர மையத்தை நோக்கிச் செல்லும் பாதாள ரயில்களில், ‘பாங்க்’ மார்க்கமாகப் போகின்றவை எல்லாம் இந்த நிலையத்தில் நின்றுதான் செல்கின்றன. ரயிலில் அமர்ந்தபடி அந்த விசித்திரமான பெயரைக் கேட்டிருப்பவர்கள் பலர். மேலே ஏறிவந்து அந்த இடத்தைப் பார்த்தவர்கள் ஒப்பீட்டளவில் குறைவாகவே இருப்பர்.

அந்த நிலையத்தை ஒட்டி 55 ஆண்டுகளாக இயங்கிவந்த கடைத்தொகுதி 2020 செப்ரெம்பர் 24ஆம் திகதி நிரந்தரமாக மூடப்பட்டது. அடுத்த ஆண்டில் அது இடிக்கப்பட்டது. உலகின் பெருநகரங்களில் ஒரு பழைய வணிகக் கட்டடம் இடிக்கப்படுவது பெரிய செய்தியல்ல. ஆனால், இந்தக் கட்டடத்தின் எதிர்காலம் குறித்து அங்கு வாழ்ந்த மக்களும் வியாபாரிகளும் உள்ளூராட்சி சபையும் ஆதன நிறுவனமும் பல ஆண்டுகளாக நடத்திய விவாதம் சாதாரணமானது அல்ல. ஒரு சுற்றுவட்டாரத்தின் சந்தை எவருக்குச் சொந்தமானது என்ற பழைய கேள்வி அந்த விவாதத்தில் மிகவும் கூர்மையாக எழுப்பப்பட்டது. அதற்குக் கிடைத்த பதில் முழுமையானதல்ல. என்றாலும், அந்தப் பதில் எவ்வாறு பெறப்பட்டது என்பதை விளங்கிக்கொள்வது எமக்கும் பயன்தரும்.

சந்தியின் கதை

முதலில் பெயரைப் பற்றி. ஸ்பானிய இளவரசி ஒருத்தியின் பட்டப்பெயர் மருவித்தான் ‘எலிபன்ற் அன்ட் காஸில்’ ஆனது என்று இலண்டன்வாசிகள் சுவைபடக் கதை சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. முதுகில் கோட்டையைச் சுமந்து நிற்கும் யானையின் உருவம் பழைய இலண்டனின் கத்தி செய்வோர் சங்கத்தின் சின்னத்தில் இடம்பெற்றிருந்தது. அதே அடையாளத்தைத் தாங்கிய விடுதியொன்று இந்தச் சந்தியில் இருந்தது. 1765ஆம் ஆண்டின் உள்ளூர் ஆவணமொன்றில் அந்த விடுதியின் பெயர் காணப்படுகிறது. தேம்ஸ் நதியின் பாலங்களிலிருந்து தெற்கே செல்லும் வீதிகள் கூடும் இடமாகையால் விடுதி பிரபலமாகி, சந்திக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தென்இலண்டனின் பிக்கடிலி என்று வர்ணிக்கப்படும் அளவுக்குக் கலகலப்பான இடமாக விளங்கியது. பெரிய துணிக்கடைகள், நாடக அரங்குகள், 1930இல் திறக்கப்பட்ட ரொக்கடேரோ என்ற பிரமாண்டமான திரையரங்கு என்று தொழிலாளர் வர்க்கத்தின் பொழுதுபோக்கு மையமாக அது இருந்தது. 1941 மே 10ஆம் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் வீசிய குண்டுகள் அந்த உலகத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டன.

போருக்குப் பின்னர் இலண்டன் கவுன்ரி சபை அந்த இடத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பத் தீர்மானித்தது. அன்றைய திட்டமிடலாளர்களுக்குப் பழைய சந்தியை மீட்பதில் ஆர்வமிருக்கவில்லை. மோட்டார் வாகனங்களின் யுகம் வந்துவிட்டது என்று அவர்கள் கருதினார்கள். எனவே, இரண்டு பெரிய சுற்றுவட்டங்கள் அமைக்கப்பட்டன. வாகனங்களுக்கு மேற்பரப்பு, மனிதர்களுக்குச் சுரங்கப்பாதை என்று இடம் பங்கிடப்பட்டது. ஹங்கேரியில் பிறந்த கட்டடக் கலைஞர் ஏர்னோ கோல்ட்பிங்கர் வரைந்த பெரிய அரசாங்க அலுவலகக் கட்டடமும், அப்பகுதியில் பிறந்த விஞ்ஞானி மைக்கல் பரடேயின் நினைவாக 1961இல் நிறுவப்பட்ட உலோகப் பெட்டி போன்ற நினைவுச்சின்னமும் இந்தக் காலப்பகுதியைச் சேர்ந்தவையே. இந்தத் திட்டத்தின் நடுநாயகமாகவே கடைத்தொகுதி உருவானது.

வியன்னாவிலிருந்து வந்த கனவு

கூரையால் மூடப்பட்ட கடைத்தொகுதி என்ற எண்ணக்கரு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கு பார்க்கவேண்டும். கட்டடக் கலைஞர் விக்ரர் குரூன் 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அமெரிக்காவுக்குத் தப்பிச்சென்றவர். அமெரிக்கப் புறநகர்களில் மக்கள் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு ஓர் இடமேனும் இல்லாதிருந்ததைக் கண்ட அவர், தமது பிறந்த நகரத்தின் கோப்பிக்கடைகளையும் சதுக்கங்களையும் கூரையின் கீழ் மறுபடி உருவாக்கமுடியும் என்று நம்பினார். மினசோற்றா மாநிலத்தின் எடைனா நகரில் 1956 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட சவுத்டேல் தொகுதி அந்த நம்பிக்கையின் விளைவு. அதற்கு ஒரு வருடம் முன்னதாக, சுவீடனின் குளிர்மிகுந்த வடபகுதியில் லூலியோ நகரில் ரால்ஃப் எர்ஸ்கின் வடிவமைத்த மூடிய கடைத்தொகுதி ஒன்று திறக்கப்பட்டிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

குரூன் கனவு கண்ட தொகுதியில் கடைகளோடு பாடசாலை, மருத்துவமனை, நூலகம், வீடுகள் எல்லாம் சேர்ந்திருக்கவேண்டும். முதலீட்டாளர்கள் கடைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு மிகுதியைக் கைவிட்டார்கள். சுற்றியுள்ள நிலத்தின் விலை உயர்ந்ததே அவர்களுக்கு முக்கியமாகப்பட்டது. இதனால் மனம் கசந்த குரூன், 1968இல் வியன்னாவுக்குத் திரும்பினார். 1978இல் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில், தம்மைத் தந்தையென்று காட்டிக் கட்டப்படும் அந்தத் தொகுதிகளுக்குத் தாம் பொறுப்பேற்கமுடியாது என்று பகிரங்கமாகவே மறுத்துவிட்டார். இரண்டு வருடங்களில் அவர் காலமானார்.

அவர் அந்த உரையை ஆற்றிய நகரத்திலேயே, 1965 மார்ச் மாதத்தில், எலிபன்ற் அன்ட் காஸில் கடைத்தொகுதி திறக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் முதலாவது மூடிய கடைத்தொகுதி என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. பேர்மிங்காமின் புல் ரிங் தொகுதி முந்தைய வருடமே திறக்கப்பட்டுவிட்டதால் அந்த உரிமைகோரல் சரியானதல்ல. எவ்வாறெனினும், உள்ளூர் மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி பெரியது. போரில் இழந்த பிக்கடிலியை, வெயிலும் மழையும் படாத நவீன வடிவில் திருப்பித் தருவதாகச் சொல்லப்பட்டது.

வாக்குறுதி திறப்புநாளிலேயே தடுமாறியது. செலவைக் குறைப்பதற்காக உள்ளலங்காரம் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கடைகளில் பெரும்பாலானவை வாடகைக்குப் போகாமல் வெறுமையாகக் கிடந்தன. வாகனங்களால் சூழப்பட்ட தீவு ஒன்றுக்கு, மங்கலான சுரங்கப்பாதைகள் வழியாக இறங்கி ஏறி வந்து பொருள் வாங்க மக்கள் விரும்பவில்லை. மேற்கு இலண்டனின் பெரிய கடைகளுக்கோ சில நிமிட ரயில் பயணமே போதுமாக இருந்தது. வர்த்தகக் கணக்கில் அது தொடக்கத்திலிருந்தே தோல்வியாகக் கருதப்பட்டது. பின்னர் ஒரு காலத்தில் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசிப் பார்த்தார்கள். அதனாலும் பெயர் மாறவில்லை. 2005இல் ‘ரைம் அவுட்’ சஞ்சிகையின் வாசகர்கள் இலண்டனிலேயே மிகவும் அவலட்சணமான கட்டடம் என்று அதனைத் தெரிவுசெய்தார்கள்.

தோல்வி தந்த வாய்ப்பு

ஆனால், வர்த்தகத் தோல்வி ஒன்று சுற்றுவட்டாரத்துக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம். பெரிய நிறுவனங்கள் வராத இடத்தில் வாடகை குறைவு. வாடகை குறைந்த இடத்தில் சிறு வியாபாரி துணிந்து கடை திறக்கலாம். அமெரிக்க எழுத்தாளரான ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட, பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றிய நூலில், ஒரு நகரத்துக்குப் பழைய கட்டடங்கள் ஏன் அவசியம் என்பதற்கு இந்தக் காரணத்தையே முன்வைத்தார். புதிய கட்டடத்தின் கட்டுமானச் செலவை வாடகையாகச் செலுத்தக்கூடிய வியாபாரங்கள் சிலவே. ஏனையவை வாழவேண்டுமானால், கட்டிய செலவு எப்போதோ ஈடாகிவிட்ட கட்டடங்கள் அருகில் இருக்கவேண்டும்.

எலிபன்ற்றில் நடந்தது அதுதான். 1990கள் முதல் கொலம்பியா, ஈக்குவடோர் போன்ற இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் கடைத்தொகுதியிலும் அருகிலுள்ள ரயில்பாதை வளைவுகளின் கீழும் கடைகளைத் திறந்தார்கள். உணவகங்கள், பணம் அனுப்பும் நிலையங்கள், சிகையலங்கார நிலையங்கள், தையற்கடைகள் என்று அவை பெருகின. இரவில் நகர மையத்தின் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் தொழிலாளர்கள் பகலில் கூடும் இடமாக அது மாறியது. வேலை எங்கே கிடைக்கும், விசா விண்ணப்பத்தை எவரிடம் கொடுத்து நிரப்பலாம், ஊரிலிருந்து என்ன சேதி என்பதெல்லாம் அங்கேதான் பரிமாறப்பட்டன. ரூட்டிங்கின் மூடிய சந்தைக் கட்டடங்களிலும் அதைச் சூழ்ந்த கடைகளிலும் தமது தொடக்க வருடங்களைக் கழித்த இலங்கைத் தமிழர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அந்நிய நகரத்தில் கடை என்பது கடை மாத்திரமல்ல. அது தபாற்கந்தோராகவும் வாசிகசாலையாகவும் சில வேளைகளில் சட்ட ஆலோசனை நிலையமாகவும் இருக்கும்.

கட்டடத்தைச் சுற்றித் தாழ்வாக அமைந்திருந்த வெளியை மக்கள் ‘அகழி’ என்றே அழைத்தார்கள். கோட்டை என்றால் அகழி இருக்கத்தானே வேண்டும். அந்த அகழியில் நடைபாதை வியாபாரிகள் துணி, பழவகை, கைத்தொலைபேசி உபகரணங்கள் என்று விற்றார்கள். மேல்மாடியில் ‘பிங்கோ’ மண்டபம் இருந்தது. முதியவர்கள், குறிப்பாக ஆபிரிக்க, கரிபியன் வம்சாவளிப் பெண்கள், குறைந்த செலவில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கக்கூடிய இடமாக அது விளங்கியது. மதுச்சாலைக்குப் போகாத, தனியாக வாழும் முதிய பெண்ணொருத்திக்கு இத்தகைய இடம் எவ்வளவு பெறுமதியானது என்பதை எந்த வாடகைப் பட்டியலும் காட்டுவதில்லை.

இடிக்கவேண்டும் என்றவர்களின் நியாயம்

விவாதத்தை நேர்மையாக எழுதுவதானால், இடிக்கவேண்டும் என்று கூறியவர்களில் குடியிருப்பாளர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும். ஒழுகும் கூரை, இயங்காத ஏணிப்படிகள், நாற்றமடிக்கும் சுரங்கப்பாதைகள் ஆகியவற்றோடு பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் மீது பாசம் இருக்கவேண்டும் என்று எவரும் கட்டளையிடமுடியாது. நல்ல கடைகளுக்குப் போவதற்கு ஏன் நாம் வேறு ஊருக்குப் பயணிக்கவேண்டும், எமது சந்தி மாத்திரம் ஏன் அசிங்கமாகக் கிடக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இலண்டனில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருக்கும்போது, ஒரு ரயில் நிலையத்தின் தலைமாட்டில் இவ்வளவு நிலத்தை ஒரு தாழ்வான கடைத்தொகுதிக்கு ஒதுக்குவது சரியா என்பதும் நியாயமான கேள்வியே. அருகிலிருந்த இலண்டன் தொடர்பாடல் கல்லூரிக்குப் புதிய வளாகம் தேவைப்பட்டதும் உண்மை.

எனவே, மக்களிடையே நிலவிய கருத்துவேறுபாட்டை மாற்றத்தை விரும்பியவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையிலான மோதல் என்று சித்திரிப்பது தவறு. மாற்றம் வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. மாற்றம் வந்த பிறகு நாம் இங்கே இருப்போமா என்பதே பெரும்பாலானோரின் கேள்வியாக இருந்தது. அந்தச் சந்தேகத்துக்குப் பலமான காரணமும் இருந்தது. அது ஹேகேற்.

ஹேகேற் என்ற பாடம்

கடைத்தொகுதிக்குச் சற்றுக் கிழக்கே 1974இல் கட்டிமுடிக்கப்பட்ட ஹேகேற் தொடர்மாடிக் குடியிருப்பில் ஏறத்தாழ 1,200 வீடுகள் இருந்தன. அனைத்தும் சபை கட்டிய பொது வீடுகள். சதர்க் உள்ளூராட்சி சபை அதனை இடித்துப் புதிதாகக் கட்டத் தீர்மானித்து, 2010இல் லென்ட் லீஸ் என்ற அவுஸ்திரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. குடியிருப்பாளர்கள் பல வருடங்களாகப் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். வீட்டைச் சொந்தமாக வாங்கியிருந்த சிலர் கட்டாய சுவீகரிப்பை எதிர்த்து 2013 வரை போராடினார்கள்.

நிலம் 50 மில்லியன் பவுணுக்கு விற்கப்பட்டது என்பதும், குடியிருப்பாளர்களை வெளியேற்றுவதற்கே சபை 44 மில்லியன் பவுண் அளவில் செலவிட்டிருந்தது என்பதும் 2013இல் வெளியே வந்தபோது பலர் திகைத்தார்கள். அந்த இடத்தில் எழும் 2,500 அளவிலான புதிய வீடுகளில், பழைய குடியிருப்பாளர்கள் செலுத்தியதைப் போன்ற சமூக வாடகைக்கு ஒதுக்கப்பட்டவை சுமார் 80 மாத்திரமே. ‘திரும்பி வரலாம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எங்கே திரும்புவது?

பேர்லினில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய சமூகவியலாளர் ரூத் கிளாஸ் என்ற பெண்மணி, உழைக்கும் மக்களின் சுற்றுவட்டாரங்களை வசதிபடைத்தோர் படிப்படியாகத் தமதாக்கிக்கொள்வதைக் குறிப்பதற்காக ‘ஜென்ரிபிகேஷன்’ என்ற சொல்லை 1964இல் உருவாக்கினார். அவர் ஆராய்ந்த நகரம் இதே இலண்டன்தான். சொல் பிறந்ததற்கு அடுத்த வருடம் எலிபன்ற் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தையும் அந்தச் சந்தி கண்டது.

சபா மண்டபத்தில்

கடைத்தொகுதியை டிலான்சி என்ற ஆதன நிறுவனமும் அதன் பங்காளிகளும் 2013ஆம் ஆண்டின் இறுதியில் 80 மில்லியன் பவுணுக்கு வாங்கினார்கள். 2016இல் திட்ட விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. கடைத்தொகுதியும் கல்லூரி வளாகமும் அமைந்திருந்த நிலங்களில் உயர்மாடிகள், புதிய கடைகள், புதிய கல்லூரி, விரிவாக்கப்பட்ட பாதாள ரயில் நிலைய வாசல், 979 வீடுகள் என்பன அதில் அடங்கியிருந்தன. வீடுகள் அனைத்தும் வாடகைக்கு உரியவை. அவற்றில் சமூக வாடகைக்கு முதலில் முன்மொழியப்பட்டவை 33.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். சதர்க் சபையின் சொந்தக் கொள்கையின்படி, பெரிய திட்டங்களில் 35 சதவீதமான வீடுகள் ‘கட்டுப்படியாகும்’ வகையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும். ஆனால், கட்டுப்படியாகும் என்ற அந்தச் சொல்லின் பொருள் 2011இல் மாற்றப்பட்டது. சந்தை வாடகையின் 80 சதவீதம் வரை அறவிடப்படும் வீடும் அந்த வகைக்குள் அடக்கப்பட்டது. சந்தை வாடகையே வானத்தைத் தொடும் இலண்டனில், அதன் ஐந்தில் நான்கு பங்கு எவருக்குக் கட்டுப்படியாகும்? பிரசாரம் செய்தவர்களின் பெரிய சாதனைகளில் ஒன்று, சொற்களின் மயக்கத்தை விலக்கி, சமூக வாடகை என்ற ஒரே அளவுகோலை விவாதத்தின் மையத்துக்குக் கொண்டுவந்ததாகும்.

‘இலாபத் தகைமை’ அறிக்கை என்பது மற்றொரு தடை. கூடுதலான சமூக வீடுகளைக் கட்டினால் திட்டம் இலாபகரமானதாக இருக்காது என்று நிறுவனங்கள் கணக்குக் காட்டும். 2012இல் கொண்டுவரப்பட்ட தேசிய திட்டமிடற் கொள்கை அந்தக் கணக்குகளுக்குப் பெரும் பலத்தைக் கொடுத்தது. நீண்டகாலம் அவை வர்த்தக இரகசியம் என்று பொதுமக்களுக்குக் காட்டப்படவும் இல்லை. எலிபன்ற் பகுதியின் குடியிருப்பாளர்கள் சிலர், எந்தச் சம்பளமும் இன்றி, அத்தகைய ஆவணங்களைக் கேட்டுப் பெற்று, வரிக்கு வரி படித்து, எண்களைச் சரிபார்த்து வெளியிடும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையாளர்கள் செய்திருக்கவேண்டிய வேலையின் ஒரு பகுதியை அவர்கள் செய்தார்கள் என்று கூறுவது மிகையாகாது.

2018 ஜனவரி 16ஆம் திகதி மாலை சதர்க் சபையின் திட்டமிடற் குழு கூடியது. மண்டபத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடைபெற்றது. உள்ளே வியாபாரிகளும் குடியிருப்பாளர்களும் மாணவர்களும் நிறைந்திருந்தார்கள். தமது கல்லூரிக்கே புதிய வளாகம் தரும் திட்டத்தை எதிர்த்து மாணவர்கள் சிலர் அந்த மாதத்தில் கல்லூரிக்குள் தங்கிப் போராட்டம் நடத்தியதும் உண்டு. விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. இறுதியில், அதிகாரிகளின் பரிந்துரைக்கு மாறாக, குழு பெரும்பான்மை வாக்குகளால் அனுமதி வழங்க மறுத்தது. சமூக வீடுகளின் பற்றாக்குறை, சிறு வியாபாரிகளின் கதி, பிங்கோ மண்டபத்தை இழக்கும் முதியவர்களின் நிலைமை ஆகியன உறுப்பினர்களின் மனதைத் தொட்ட விடயங்கள்.

மறுப்புக்கான காரணங்களை முறைப்படி பதிவுசெய்வதற்கு முன்னர், நிறுவனம் திருத்தப்பட்ட யோசனையுடன் வந்தது. 33 என்ற எண் 74 ஆகி, பின்னர் 116 ஆனது. வியாபாரிகளுக்கு அருகிலேயே தற்காலிக இடம், குறைந்த வாடகையில் சில கடைகள், இடமாற்றத்துக்கு நிதி ஆகியனவும் சேர்க்கப்பட்டன. 2018 ஜூலை 3ஆம் திகதி குழு அனுமதி வழங்கியது. அந்த வருட டிசெம்பரில் இலண்டன் மாநகர முதல்வர் சாதிக் கான் அதனை ஏற்றுக்கொண்டார்.

நீதிமன்றத்தின் எல்லை

எதிர்ப்பாளர்கள் ஓயவில்லை. 116 சமூக வீடுகளும் கல்லூரி இருக்கும் மேற்குப்புற நிலத்தில், திட்டத்தின் பிந்திய கட்டத்திலேயே கட்டப்படவிருந்தன. பொதுநிதி மானியத்தின் உதவியுடன் மேலும் வீடுகளைக் கட்டக்கூடிய வாய்ப்பு, குழு உறுப்பினர்களுக்குச் சரிவர எடுத்துரைக்கப்படவில்லை என்று கூறி வழக்குத் தொடரப்பட்டது. 2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை நிராகரித்தது. அதற்குள் கடைத்தொகுதியின் சுவர்கள் விழத் தொடங்கிவிட்டன.

இங்கிலாந்தின் சட்டப்படி இத்தகைய வழக்குகளில் நீதிபதி பார்ப்பது தீர்மானம் நல்லதா கெட்டதா என்பதையல்ல. அதனை எடுத்த முறை சட்டத்துக்கு ஏற்றதா என்பதையே அவர் ஆராய்வார். என்றாலும், முறையைப் பற்றிய கேள்வி அற்பமானது என்று எண்ணிவிடக்கூடாது. அதற்கு வடஇலண்டனின் செவன் சிஸ்ரேர்ஸ் பகுதி சாட்சி. அங்கே வார்ட்ஸ் கோணர் என்று அழைக்கப்படும் பழைய துணிக்கடைக் கட்டடம் 1972இல் மூடப்பட்ட பிறகு, இதேபோல இலத்தீன் அமெரிக்க வியாபாரிகளின் சந்தையாக உயிர்பெற்றது. அதனை இடித்துத் தொடர்மாடிகளைக் கட்ட ஹரிங்கே சபை வழங்கிய அனுமதியை 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. இனச் சமத்துவம் குறித்த சட்டக் கடமையைச் சபை கருத்தில் எடுக்கவில்லை என்பதே காரணம். திருத்திய திட்டத்துக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. ஆனால், எதிர்ப்பும் காலதாமதமும் தொடர்ந்தன. 2021 ஆகஸ்டில் கிரெயிஞ்சர் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டு விலகியது. அந்தச் சந்தையின் மக்கள் தமது சொந்தத் திட்டத்தை முன்வைத்துப் பல வருடங்கள் வாதாடியிருந்தார்கள். ஒரே நகரம், ஒரே வகையான வியாபாரிகள், ஒரே வகையான சட்டங்கள். ஓரிடத்தில் கட்டடம் வீழ்ந்தது, மற்றைய இடத்தில் நிலைத்தது. விளைவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எவரும் இத்தகைய போராட்டங்களில் இறங்குவதில்லை.

கணக்கைப் பார்க்கும்போது

எலிபன்ற் மக்கள் தோற்றுவிட்டார்களா? கட்டடத்தைக் காப்பாற்றுவதுதான் குறிக்கோள் என்றால், ஆம். தற்காலிகமாக அமைக்கப்பட்ட ‘காஸில் சதுக்கத்தில்’ சில வியாபாரிகள் குடியேறினார்கள். பழைய கடைத்தொகுதியின் முன்னால் நின்ற யானைச் சிலையும் அங்கேதான் கொண்டுசெல்லப்பட்டது. யானைக்கு இடம் கிடைத்தது, எல்லா வியாபாரிகளுக்கும் கிடைக்கவில்லை. இருபது வருடங்களாகக் கட்டியெழுப்பிய வாடிக்கையாளர்களை இழந்து கடையை மூடியவர்களும் உண்டு. அதுவும் கோவிட் பெருந்தொற்றின் முதல் ஆண்டில். பிங்கோ மண்டபத்தின் முதியவர்கள் சிதறிப்போனார்கள். அவர்களைப் போன்றவர்களை மறுபடியும் ஒரே இடத்தில் கூட்டுவதற்குத் திட்ட வரைபடத்தில் எந்தக் கோடும் போதாது.

ஆனால், 33க்கும் 116க்கும் இடையில் 83 வீடுகள் இருக்கின்றன. ஜனவரி மாதக் குளிரில் மண்டபத்துக்கு வெளியே பதாகை ஏந்தி நின்றவர்களும் நள்ளிரவு வரை உள்ளே அமர்ந்திருந்தவர்களும் இல்லையென்றால், அந்த 83 வீடுகளும் காகிதத்தில்கூட இடம்பிடித்திருக்கமாட்டா. அவற்றில் வாழவிருக்கும் குடும்பங்களுக்கு அந்த இரவைப் பற்றி எவரும் சொல்லப்போவதில்லை. உள்ளூர் அரசியலில் கிடைக்கும் வெற்றிகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

இதை எழுதும்போது எமது கொழும்பு நினைவுக்கு வருவதைத் தவிர்க்கமுடியவில்லை. போர் முடிந்த மறுவருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பின்னரான வருடங்களில் கொம்பனித்தெரு உட்பட நகரின் பல பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் தமது வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு, உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. மலசலகூட வசதியும் தண்ணீர்க் குழாயும் கிடைத்ததை வரவேற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால், சீருடை தரித்தவர்கள் வாசலில் நிற்கும்போது நள்ளிரவு வரை வாதாடுவதற்கு ஒரு மண்டபம் இருக்கவில்லை. இலாபக் கணக்கைக் காட்டு என்று கேட்பதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. சதர்க் சபையின் குறைகளை நாம் எவ்வளவுதான் பட்டியலிட்டாலும், இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது.

1965இல் எலிபன்ற் மக்களுக்காக வல்லுநர்கள் ஒரு கனவைக் கண்டார்கள். அந்தக் கனவு பலிக்கவில்லை. அதன் இடிபாட்டுக்குள் மக்கள் தாமாகவே ஒரு சந்தையை உருவாக்கிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டின் பின்னர் வேறு வல்லுநர்கள் வேறொரு கனவுடன் வந்தார்கள். அந்த இடத்தில் இப்போது உயர்ந்து நிற்கும் கோபுரங்கள் இன்னும் ஐம்பது வருடங்களில் எப்படியிருக்கும் என்பதை எவரும் அறியமாட்டார்கள். அவையும் ஒருநாள் பழசாகும். அப்போதும் அங்கு ஒரு கூட்டம் கூடும். இதனை என்ன செய்வது என்ற விவாதம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் துப்புரவுத் தொழிலாளிக்கும் நடைபாதை வியாபாரிக்கும் தனித்து வாழும் முதிய பெண்ணுக்கும் ஒரு கதிரை இருக்குமா என்பதுதான், எந்தக் கட்டடத்தின் அழகை விடவும், எம்மை அக்கறைகொள்ளச் செய்யவேண்டிய கேள்வி.